முப்பதுக்கு இருபத்தொன்பது

மார்ச் 4

மெக்கானிக் அண்ணன் இன்று முப்பதுக்கு இருபத்தொன்பது. போன வாரம் பதினொன்றுதான் வாங்கினார். அதற்கு முந்தின வாரம் பதினாறு. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாக்கி நழுவி, லாரிக்கு அடியில் வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். முழங்கைக்குச் சற்றுக் கீழே நரம்பைச் சுற்றி மோதிரம்போல மின்முனைகள் பொருத்தியிருக்கிறோம். செயற்கைக் கையின் விரலை நான் அழுத்தினால் நரம்புக்கு மெல்லிய மின்சாரம் போகும். எந்த விரல் என்று அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். ஜனவரியில் மகளின் விரலைப் பிடித்துவிட்டு, "நெளியுது. இது பாப்பா விரல்தான்" என்று சொன்னவர், பிப்ரவரி முழுக்கச் சறுக்கிக்கொண்டே வந்தார்.

காரணம் என்ன தெரியுமா? ஹெட்போன். வெளிச்சத்தம் கேட்காமல் இருக்க இரைச்சலை ஓடவிட்டுக் காதில் மாட்டிவிடுவோம். "தலை கிண்ணுனு இருக்கு தங்கச்சி, கவனமே நிக்கல" என்றார். கழற்றினேன். இருபத்தொன்பது. இதைப் போய் நரம்பு என்றும் தழும்பு என்றும் நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டேனே.

மார்ச் 11

முப்பதுக்கு முப்பது. ஹெட்போன் இல்லாததால் நடுநடுவே பேசவும் முடிகிறது. "படுது, ஆனா லேசா. கொஞ்சம் ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். அனுமதித்த அளவுக்குள்தான்.

மார்ச் 18

இருபத்தொன்பது. மறுபடி ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

அம்மா: "ஊர்ல அவவ கல்யாணம் பண்ணி ஒரு கையப் பிடிக்கிறா. நீ அந்த ரப்பர் கையவே பிடிச்சிக்கிட்டுக் கிட." சிரித்து மாளவில்லை.

ஏப்ரல் 2

மார்ச் மதிப்பெண்களையும் சேர்த்துத் திருத்தி அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பேராசிரியரே என் மேசைக்கு வந்து சொன்னார். ஆய்வகத்தில் அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இன்று மட்டும் "பாத்துட்டோம்" என்றார். என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

ஏப்ரல் 9

எழுதக் கை வரவில்லை. வரிசையாகவாவது எழுதி வைக்கிறேன்.

பக்கத்து அறையில் குழாய் மாற்ற வந்தவர்கள் சுவரில் டிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். பாதிச் சோதனையில் எதற்கு என்று உட்கார்ந்துவிட்டேன். முப்பதுக்கு ஐந்து. ஐந்து விரலில் குருட்டாம்போக்காகச் சொன்னாலே ஆறு வரும்.

டிரில்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். மறுபடி வைத்தேன். இருபத்தொன்பது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சுவர் அதிர்ந்ததால் மேசை ஆடியிருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதக்கூடச் செய்தேன். எழுதிக்கொண்டே சும்மா சுண்டுவிரலை அழுத்தினேன். உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் முனகியது. நடுவிரலை அழுத்தினேன். அதன் முனகல் வேறு. பெருவிரல் இன்னும் தடித்த குரல். பதினெட்டு வருடம் பானெட்டைத் திறக்காமலே என்ஜினில் என்ன கோளாறு என்று சொன்ன மனிதர் எனக்கு எதிரே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்கட்டை மட்டும் தானே அவிழ்த்துவிட்டார். நான் ஒரு விரலையும் அழுத்தவில்லை. ஹெட்போனைத் திரும்பக் கழற்றினேன்.

"எப்ப இருந்துண்ணே?"

"பிப்ரவரி கடைசி. சுத்தமா ஒண்ணும் படல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கையக் கழட்டிருவீங்க. நீங்கதானே ஃபாரத்த வாசிச்சுக் காட்டுனீங்க."

ஆமாம். உணர்வு போனால் சோதனையிலிருந்து விலக்கி, கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பத்தாவது விதி. நான்தான் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன்.

"அப்புறம் ஏன் ஏத்தச் சொன்னீங்க?"

"ஏத்துனா திரும்ப வந்துருமோன்னு பாத்தேன். ஒரே ஒரு தடவ பாப்பா கைய..."

பூனைக்கு மணி கட்ட வேண்டியவளே நான்தான். நானே அதை அவிழ்த்து வைத்துவிட்டு, பூனை வரவில்லை என்று கட்டுரை எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 11

அறுவை மருத்துவர் பரிசோதித்தார். மின்முனைகளைச் சுற்றித் தழும்பு இறுகிவிட்டது. அதனால்தான் பிப்ரவரியில் உணர்வு போயிருக்கிறது. அப்போதே நிறுத்தியிருந்தால் எடுத்துவிட்டுத் தையல் போடுவதோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஏற்றிய மின்சாரத்தில் நரம்பே கெட்டிருக்கிறது. முன்பு மிச்சக் கையின் நுனிவரை தொடுகை இருந்தது. இப்போது நுனி மரத்துவிட்டது. உள்ளே எரிகிறதாம். அதையும் மறைத்திருக்கிறார்.

அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "குழாயத் தொறந்து கைய நீட்டிக்கிட்டே நிப்பாரு. கேட்டா கை கழுவறேன்னுவாரு. இல்லாத கைய எவ்வளவு நேரங்க கழுவுறது?"

அவளுக்கு விஷயம் இன்னும் முழுதாகத் தெரியாது.

ஏப்ரல் 12

பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றியதையும். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு: "அந்த ஒரு நாள் சத்தம் ஜாஸ்தி. அந்த நாளத் தள்ளிடலாம். மின்முனைய எடுக்கிறதுக்குத் தழும்புன்னே காரணம் எழுதலாம், அது பொய்யில்லையே. மத்தத பாத்துக்கலாம்மா."

பொய்யில்லைதான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 14

இன்னும் எழுதவில்லை. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? அவரும்தானே பொய் சொன்னார்? எட்டு வருடப் படிப்பு. கட்டுரை போனால் என் வேலையும் போகும். தழும்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணனே சொல்ல மாட்டார். எல்லாத் தப்பும் தன்னுடையது என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 16

இன்னொரு ஆய்வகத்திலிருந்து பேராசிரியருக்குக் கடிதம். நம் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே கேள்விப்பட்டு, நம் முறையிலேயே செய்து பார்க்கப் போகிறார்களாம். ஆறு பேருக்கு. எவ்வளவு மின்சாரம் வரை ஏற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 17

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மார்ச் 4-லிருந்து எல்லாம். அந்த ஆறு பேர் ஆய்வகத்துக்கும் ஒரு பிரதி. பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "என்னக் கேட்டிருக்கலாம்" என்றார். கேட்டேனே ஐயா, ஐந்து நாளைக்கு முன்னால்.

ஏப்ரல் 29

மின்முனைகளை எடுத்தார்கள். மூன்று மணி நேரம்.

மயக்கம் தெளிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வீட்டிலேயே நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். "நீங்க பொய் சொன்னதக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. அதுக்குத்தான் ஹெட்போன். நான்தான் கழட்டுனேன். அன்னைக்கே நிறுத்தியிருந்தா உங்க நரம்பு தப்பிச்சிருக்கும்."

அண்ணிதான் பேசினாள். "அப்ப இருபது நாளா இந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கிடந்தாரே, அது எதுக்கு?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மே 20

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். ரத்த அழுத்தக் கருவி, எடைமேடை. அண்ணனின் பரிசோதனைகளில் மட்டும் குறிப்பெடுக்க நான் வர வேண்டும் என்று குழு சொல்லியிருக்கிறது. தண்டனையா, பொறுப்பா என்று யாரும் விளக்கவில்லை.

ஜூலை 8

அண்ணன் பரிசோதனைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அம்மா இப்போது கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை. தட்டில் கூட ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போகிறாள்.

அக்டோபர் 14

வந்தார். இளைத்திருந்தார். இப்போது ஒரு பட்டறையில் உட்கார்ந்து என்ஜின் சத்தம் கேட்டுக் கோளாறு சொல்கிறாராம். கழற்றி மாட்டுவதற்கு வேறு ஆள்.

கண்ணைக் கட்டினோம். மருத்துவர் மெல்லிய தூரிகையால் நுனியிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தொடுகைக்கும் அண்ணன் "இல்ல" என்றார். பதினேழு முறை "இல்ல". நான் பதினேழு முறை எழுதினேன். பதினெட்டாவதில், "இங்க படுது."

மருத்துவர் அந்த இடத்தில் பேனாவால் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். ஏப்ரலில் நுனி மட்டும்தான் மரத்திருந்தது.

கண்கட்டை அவிழ்த்ததும் கோட்டைப் பார்த்தார். மருத்துவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்: "இன்னும் மேல ஏறுமா?"

"தெரியலண்ணே."

செவிலியர் கோட்டைத் துடைக்கப் பஞ்சை எடுத்தார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

"அழிக்க வேண்டாம்மா. வீட்டுல தினமும் நானே பாத்துக்கிறேன்."

முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை. அளந்து எழுதிக்கொண்டேன். அவர் என்னைத் திரும்ப அளக்கச் சொன்னார். அளந்தேன்.