சஹரில் இரண்டு மாத்திரை

பிறை 10, திங்கள்
காற்றே இல்லை. கடல் குளம் மாதிரி. கடைக்கு நைலான் கயிறு வந்து இறங்கியது. அடுக்கவில்லை.
மச்சான் காசிமை அடக்கிவிட்டு வந்தோம். சுகராம். என்னைவிட இளையவர். மண் போடும்போது எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். நான் என் பாதத்தைப் பார்த்தேன். வீங்கியிருக்கிறதோ?
எனக்கும் சுகர் மாத்திரை உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நோன்பு மாதத்தில் எப்படிப் போடுவதென்று யாரைக் கேட்க? பத்து நோன்பாய்க் காலை மாத்திரையை விட்டாயிற்று. நானே முடிவெடுத்தேன். இரண்டையும் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு போட்டுவிட்டால் பகல் முழுக்கத் தாங்கும். வண்டிக்கு டேங்க் நிரப்புகிற மாதிரி. எட்டாம் வகுப்பு மூளை.

பிறை 11, செவ்வாய்
திட்டப்படி விழுங்கினேன். மதியம் வரை ராஜா.
சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்தால் கை நடுக்கம். சட்டை வியர்வையில் தெப்பல். கண்ணில் பூச்சி. சரி, சாவு வந்துவிட்டது என்று படுத்தேன். கடைசி நேரத்துக் கலிமா சொன்னேன். நடுவில் கடைச் சாவி ஞாபகம்.
வீட்டுக்காரி ஜொஹரா தம்ளரோடு வந்தாள். "சீனித் தண்ணி. வாயத் தொறங்க."
"நோன்பு முறிஞ்சிரும்."
"நோன்ப இன்னொரு நாள் புடிச்சுக்கிறலாம். ஆளப் புடிக்க முடியுமா?"
"மவுத்தானா நோன்பாளியாப் போறேன்."
"போறதுக்கு என்ன இம்புட்டு அவசரம். தொறங்க."
வீராப்பெல்லாம் தம்ளர் உதட்டில் படும்வரைதான். மடக் மடக்கென்று குடித்தேன். இன்னொரு தம்ளரும் கேட்டேன்.

பிறை 12, புதன்
சுகாதார நிலையம். கூட்டம். மின்விசிறி ஓடவில்லை.
நர்சம்மா: "ரெண்டையும் ஒண்ணாவா போட்டீங்க பாய்?"
"நாள் பூரா தாங்கட்டும்னு."
"வெறும் வயித்துல இது சுகரை ரொம்ப இறக்கிரும். கூடுனாலும் ஆபத்து, கொறஞ்சாலும் ஆபத்து."
குறைந்தால் பாராட்டுவார்கள் என்றல்லவா இருந்தேன்.
டாக்டர் மறுபடி பார்க்கும்வரை நோன்பு கூடாதாம். மாத்திரை பழையபடி இரண்டு வேளை, சாப்பாட்டோடு.
"வேற எதாச்சும் கேக்கணுமா?" என்றார். நெஞ்சில் இருந்தது ஒன்று. வாயில் வந்தது, "பேரீச்சம்பழம் திங்கலாமா?"

பிறை 13, வியாழன்
லேசாகக் காற்று. கயிறு அடுக்கியாயிற்று.
கதவைச் சாத்திக்கொண்டு கள்ளன் மாதிரி காலை இட்லி. பரிமாறுகிற ஜொஹரா நோன்பு. வெட்கமாக இருந்தது. நர்சம்மாவிடம் கேட்காததை இவளிடம் கேட்டேன்.
"நானும் காசிம் மாதிரி பொசுக்குன்னு போயிருவேனோ?"
என் உள்ளங்கையில் ஒரு மாத்திரை வைத்தாள். மீதி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
"ராத்திரிக்கு உள்ளத ராத்திரி கேளுங்க, தாரேன்."