அமாவாசைக்கு ஓடிய என்ஜின்

ஏனுங்க,

இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான் கூப்பிட்டேன். ஜீப்புக்கு அடியில் கிடந்த மனுசனுக்கு இது ஒரே தடவையில் கேட்டதே கிடையாது. இப்போதும் கேட்காது என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. உங்கள் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. ஆடி அமாவாசையன்று ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால் ஒரு நூல்கூட அசையவில்லை. அன்றைக்கு ஷெட்டில் உங்கள் தம்பி செல்வராஜ் இருந்தார், உங்கள் கூட்டாளிகள் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் தெரிந்தே அதைக் கெடுத்தவள் நான் ஒருத்திதான்.

உங்களுக்குத் தெரிந்த கதையாகவே இருந்தாலும் முழுசாகச் சொல்லப்போகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது என்னை முழுசாகப் பேசவிட்டீர்களா?

அந்த ஜீப்பை எனக்கு எப்படிப் பிடிக்கும்? எஸ்டேட் டிரைவராக நீங்கள் அதை ஓட்டிய காலத்தில் ஒரு நாளும் நான் அதில் ஏறியதில்லை. பிரியா பிறந்த அன்று இடுப்பு வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நேரத்தில் ஜீப் பங்களா வாசலில் நின்றது. துரை வீட்டு விருந்தாளிகள் டீ குடித்து முடிக்கட்டும் என்று நீங்கள் அதில் சாய்ந்து நின்றீர்கள். கேட்டிருந்தால் துரை வண்டியைக் கொடுத்திருப்பார் என்று பின்னால் ஒருநாள் நீங்களே சொன்னீர்கள். பிறகு ஏன் கேட்கவில்லை? அதற்கு மட்டும் பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

எஸ்டேட் கைவிட்டு, ஃபேக்டரிக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த அதே வண்டியை ஜெகதளாவில் நம் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ரெடியாகட்டும் சரோஜா. உன்னைய முன்சீட்டுல உக்கார வெச்சுப் பர்லியார் வரைக்கும் ஓட்டீட்டுப் போறேன். மங்குஸ்தான் பழம் வாங்கித் தர்றேன்" என்றீர்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு மன்னிப்பு, அதுவும் பாகம் பாகமாக. அதற்கும் நான் மசிந்துபோனேன்.

என்ஜினை முதலில் முடித்தீர்கள். மேல்பாடியைக் கழற்றி டிங்கரிங் கடைக்கு அனுப்பினீர்கள். ஒழுகுகிறது என்று ரேடியேட்டரும் கூடவே போனது. ஷெட்டில் வெறும் சேஸ் சட்டமும் அதன்மேல் என்ஜினும் மட்டும். அது சும்மா நிற்கும் நாட்களில் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ஹேண்டிலால் மெதுவாக நாலு சுற்று. பிறகு பிளக்கை மாட்டிவிட்டு, புகை போகிற வாயில் ஆயில் துணியை அடைக்க வேண்டும்.

"கட்டை வெரல மறுபக்கமா சுத்திப் புடிக்காத. எல்லா வெரலும் ஒரே பக்கமா இருக்கோணும். திருப்பி அடிச்சா வெரல் போயிரும்" என்று என் கையைத் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். கல்யாணம் ஆன புதிதில்கூட என் கையை அத்தனை நேரம் பிடித்ததில்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். "என்ன ஆனாலும் சும்மா ஸ்டார்ட் மட்டும் பண்ணீராத. இந்தக் குளுருல ரெண்டு நிமிசம் ஓட்டி நிறுத்துனா உள்ளுக்குள்ள வேர்த்துப் போயிரும். அந்த வேர்வை காயற அளவுக்கு ரோட்டுல ஓடிச் சூடேறோணும். இல்லாட்டி சும்மா நிக்கறதே தேவலை."

மாசியில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்று சொல்லி இஞ்சி சோடா குடித்துவிட்டு மறுபடி ஷெட்டுக்குப் போனீர்கள். வால்வு லேசாகத் தட்டினால்கூட இரண்டு நாள் காதை வைத்துக் கேட்கிற ஆள்! மதியம் சோறு போட்டுவைத்துவிட்டு மூன்று தடவை "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். வழக்கம்போலத்தான் என்று நினைத்தேன். நாலாவது தடவை கூப்பிடவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பதினாறாம் நாள் படையல் போட்டு முடித்ததும் செல்வராஜ் எழுந்தார். "அண்ணி, அண்ணன் காதுல அந்தச் சத்தம் ஒருக்கா விழோணும்" என்றார். துணியை உருவினார்கள். பெட்ரோல் கேனை ஆணியில் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். சைலன்சர் இல்லாத என்ஜின் ஊரையே கூட்டியது. ரேடியேட்டர் இல்லாததால் இரண்டே நிமிடம். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அமாவாசை தவறாமல் இதே வழக்கமாகிவிட்டது. காக்கைக்குச் சோறு வைத்ததும் என்ஜினுக்குச் சூடம். "அதான் மாசாமாசம் ஓட்டறமே, கையில எதுக்குச் சுத்திக்கிட்டு?" என்றார் செல்வராஜ். வெள்ளிக்கிழமை வேலையை விட்டேன். அப்படி ஓட்டக் கூடாது என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் திறக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் ஷெட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. சத்தம் நின்ற பிறகு, கெட்டால் கெடட்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஆனி அமாவாசைக்குப் பிறகு துணியைத் திரும்ப அடைக்கவும் யாருக்கும் ஞாபகமில்லை. ஆடிச் சாரல் பத்து நாள் ஷெட்டுக்குள் அடித்தது.

ஜாம் ஆனதும் உங்கள் பழைய கூட்டாளி, மெக்கானிக் பெள்ளியண்ணன் வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். உள்ளே வேர்த்த தண்ணீர் ஆயிலில் கலந்து, குச்சியில் பால் டீ மாதிரி வழிந்தது. "யாரு அக்கா இத சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணுனது? அவன் உங்ககிட்டச் சொல்லலையா?" என்றார். சொன்னார் என்றேன். அவர் குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆவணி அமாவாசைக்கு ஒருத்தரும் வரவில்லை.

செல்வராஜ் மட்டும் வந்தார், கூடவே ஒரு ரிசார்ட்காரரையும் கூட்டிக்கொண்டு. பாடியைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கேட் பக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் பூந்தொட்டி வைப்பார்களாம். டூரிஸ்ட்டுகள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டுமாம். "என்ஜின் ஓடணும்னு அவசியமில்லீங்க மேடம்" என்றார் அந்த ஆள். "குடுத்தரலாம் அண்ணி. இனி இது எதுக்காகுது?" என்றார் உங்கள் தம்பி.

யார் யாரோ ஏறி உட்காருவார்களாம், நான் உட்காராத அந்த முன்சீட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்க முடியாது என்றேன். வண்டி மேல் உள்ள ஆசையால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வரவேண்டியது அதில் பாக்கி இருக்கிறது.

பெள்ளியண்ணன் சொன்னபடி டீசலும் ஆயிலும் கலந்து நாலு துளையிலும் ஊற்றினேன். "பலம் காட்டாதீங்கக்கா. தினமும் அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் அசைச்சுக் குடுங்க, போதும்" என்றார். தினமும் காலையில் டீ குடித்ததும் போகிறேன். நாற்பது நாளாயிற்று. நாற்பது நாளும் உங்களைத் திட்டினேன். பங்களா வாசலுக்காக, இஞ்சி சோடாவுக்காக. பிறகு அந்த முக்கால் மணி நேரத்துக்காக என்னையும்.

நேற்று ஹேண்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, திரும்ப அந்தப் பக்கமும். நான் கத்தவில்லை. வாய் மட்டும் தன்னால் "ஏனுங்க" என்றது. அப்புறம் ஒரு தடவை, இன்னொரு தடவை. நாலாவது தடவையும் கூப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன்.

இதோடு முடியாது. என்ஜினைப் பிரித்து உள்ளே துருவெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார் பெள்ளியண்ணன். பிரிக்கட்டும். இந்த வருட மங்குஸ்தான் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக இனி அது ஓடாது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு உண்டு, அவ்வளவுதான். அடுத்து அது ஸ்டார்ட் ஆகிற அன்று நான் முன்சீட்டில் இருப்பேன், பர்லியார் போய்ச் சேருகிறவரை யார் சொன்னாலும் நிறுத்தவிட மாட்டேன்.

கோபம் தீராத, ஆனால் கட்டை விரலை நீங்கள் சொன்ன மாதிரியே வைத்துப் பிடிக்கிற,
உங்கள் ஊட்டுக்காரி
சரோஜா