வாசலில் நின்றபடி ஐந்து நிமிடம்

அப்பா,

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே தொங்கிய கம்பளிக் கோட்டு இல்லை. பதினெட்டு வருடம் பினாங்குப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காமல் நான் காப்பாற்றிய கோட்டு அது. நேற்று உங்கள் பேத்தி அதைக் கையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். மேற்படிப்புக்கு, நாம் இருந்த அதே ஸ்காட்லாந்துக்கு.

போகும் முன் அவளுடைய பல்கலைக்கழகம் அனுப்பிய குறிப்பு ஒன்றை வாசித்துக் காட்டினாள். குளிர்காலத்தில் மனம் சோர்ந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று. பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், நெருங்கியவர்களோடு பேச வேண்டும், இப்படி. எல்லாம் சரிதான். ஆனால் எப்படிப் பேசுவது, எப்போது பேசுவது என்று அதில் இல்லை. நம் வீட்டில் அதற்கு ஒரு முறை இருந்தது. அது உண்மையில் வேலை செய்ததா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அங்கே அப்போது நான் ஆய்வு மாணவி. உங்கள் மாப்பிள்ளை ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாலை வேலைக்குப் போவார். குழந்தைக்கு நாலு வயது. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிறைப் பட்டணத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தீர்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டியதும் நாங்கள் மிரண்டோம். நீங்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "இது நைட் ஷிப்ட்டுதான்லா. நாலு மாசம் தொடர்ந்து வருது, அவ்வளவுதான்" என்றீர்கள். முப்பது வருடம், மாதத்தில் பாதி நாள் இரவு வேலை பார்த்து, பகலைத் திரைக்குப் பின்னால் தூங்கிக் கழித்தவர் நீங்கள். இருட்டு உங்களுக்குப் பழகிய இடம்.

பிறகு தொழிற்சாலை வழக்கத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். ஒரு ஷிப்ட் போகும்போது வரும் ஷிப்ட்டிடம், எந்த மெஷின் சூடாக ஓடுகிறது, எது சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் வீடு திரும்பும் ஐந்தரைக்கு உங்கள் மாப்பிள்ளை கிளம்புவார். அந்த ஐந்து நிமிடம் மூவரும் வாசலில் நிற்போம். அவரவர் தன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உட்காரக் கூடாது என்பது உங்கள் சட்டம். உட்கார்ந்தால் பஞ்சாயத்தாகிவிடுமாம். எனக்கு எரிச்சலாக இருக்கும். உங்கள் மாப்பிள்ளைக்கோ பிடித்துப்போனது. "மாமா, இன்னைக்கு என் பெல்ட் லூசு" என்று தொடங்கி, மேற்பார்வையாளர் திட்டியது, தூக்கம் வராதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்.

நான் "நார்மல்" என்று மட்டும் சொல்வேன்.

ஜனவரியில் ஒருநாள், அவர் போன பிறகு, நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "மூணு ஷிப்ட் தொடர்ந்து நார்மல்னு எழுதியிருந்தா, யாரும் மெஷினைப் பாக்கலன்னு அர்த்தம்மா."

"நான் மெஷின் இல்லப்பா."

"மெஷினா இருந்தா இந்நேரம் யாராச்சும் தொறந்து பாத்திருப்பாங்க."

அப்போதுதான் சொன்னேன். இரண்டு வாரமாக நான் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. காலையில் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவேன், அதே பேருந்தில் திரும்புவேன், இருட்டும்வரை அப்படியே. ஒருநாள் திரும்பி வராமல் இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியிருந்தது. எந்த நம்பர் பஸ் என்று மட்டும் கேட்டீர்கள். மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு அந்தப் பேருந்தில் ஏறினீர்கள். மூன்றாவது நாள், வழியில் மருத்துவமனை நிறுத்தத்தில் மூவரும் இறங்கினோம். மருந்து, வெளிச்சம், நீங்கள், மார்ச் மாதம்: இதில் எது என்னை மீட்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கப் பார்ப்பது என் படிப்பின் குணம்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் போன வாரம் உங்கள் பேத்தி சொன்னாள். பெட்டிக்குள் துணியை அமுக்கிக்கொண்டே, தாத்தா தன்னிடம் தினமும் பேசியது நினைவிருக்கிறது என்றாள். வாசலில் நீங்கள் உங்களைப் பற்றி எதையும் சொன்னதில்லை, அப்பா. நாங்களும் கேட்டதில்லை. மனைவியை இழந்து ஒரு வருடத்தில், மொழி தெரியாத ஊரில், நாலு சுவருக்குள் இருந்த மனிதரிடம் நாங்கள் கேட்கவே இல்லை.

என்ன பேசுவார் என்று கேட்டேன்.

"ஞாபகமில்லைம்மா. பாட்டியைப் பத்தி நிறைய. ஒருநாள் மட்டும், 'ஒங்கம்மாவைப் பாத்தா தாத்தாவுக்குப் பயமா இருக்குடா'ன்னாரு."

நீங்கள் பயந்தீர்கள் என்பதை நான் பதினெட்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன். நீங்கள் போயும் மூன்று வருடமாகிறது. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பிஸ்கட் சாப்பிடு தாத்தான்னேன். சாப்பிட்டாரு."

நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் திரும்பி வந்தபோது அவள் பெட்டியைப் பூட்டியிருந்தாள். அங்கே போனதும் தினமும் போனில் தன்னைப் பற்றி ஒன்று சொல்வதாக அவளே முன்வந்தாள். கூடவே, "நீ யார்கிட்ட சொல்லுவ?" என்றாள்.

உங்களிடமிருந்து கேட்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. மாணவர்களிடம் கேட்கிறேன், வீட்டிலும் கேட்கிறேன். சொல்லும் பழக்கம் ஒட்டவில்லை. அது உங்களுக்கும் பாதிதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. நாலு வயதுப் பிள்ளையிடம் மட்டும் சொல்லும் அளவுக்கு.

நேற்று விமான நிலையத்திலிருந்து நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டின் முன் கார் நின்றது. நான் இறங்காததைப் பார்த்து, கதவு சிக்கிக்கொண்டதா என்று கேட்டார்.

"இல்லங்க. உள்ள போகப் பயமா இருக்கு. ஸ்காட்லாந்துல இருந்த அந்தப் பழைய பயம் மாதிரி."

அவர் இன்ஜினை அணைத்தார். சாவியை எடுக்காமல், சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.