டெல்லா இருக்கும் வீட்டில் ஒரு பிஸ்டல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திய பிறகுதான் கைபேசியைப் பார்த்தேன். சிறையிலிருந்து பதிவுக்குரல். ராய்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் வெளியே வருகிறான். என் தங்கை டெல்லாவோடு வாழ்ந்து, அவள் தாடையை உடைத்தவனுடைய பெயரை அந்த இயந்திரம் ஏதோ பார்சல் வந்திருப்பதைப் போலச் சொல்லிற்று.

வீட்டில் டெல்லா மான்கறி கிளறிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று நின்றேன். அவள் திரும்பாமலே, “தெரியும் நோரி. எனக்கும் போன் வந்துச்சு” என்றாள். பிறகு உப்பு எங்கே என்று கேட்டாள்.

மார்ச் 5

ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ்காரன் லைலைப் பார்த்தேன். என் பேருந்தில் ஏறி வளர்ந்த பையன், இப்போது இடுப்பில் துப்பாக்கியும் நெஞ்சில் நட்சத்திரமும். “கோர்ட்டு தடை போட்டிருக்கு மிஸ் நோரீன். அவன் உங்க கேட்டுக்கிட்ட வந்தாலே புடிச்சு உள்ள போட்டுடுவோம்.”

“நீ வந்து சேர எவ்வளவு நேரமாகும்?”

அவன் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “ரோடு நல்லா இருந்தா அரை மணி நேரம். பனி கொட்டுச்சுன்னா… என்னால சொல்ல முடியல.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீங்கதான்.”

அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி நவம்பரிலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இருக்கிறது. கேட்டு வாங்கினாலும் எங்கள் நடைவழியில் அதைத் திருப்புவதற்குள் சுவரில் இடிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனும் பேச முடியாது. கைத்துப்பாக்கிதான் வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் வயோமிங்கில் பிறந்து நாற்பத்தாறு வயது வரை எனக்கென்று ஒன்று வாங்கியதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மார்ச் 8, சனி

துப்பாக்கிக் கடைக்காரன் நான் வாய் திறப்பதற்கு முன்பே உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டான். பிடியில் ஊதா நிறம்.

“அம்மணிக்கு இதுதான் தோது. கைப்பையில போட்டா இருக்கறதே தெரியாது.”

“நான் கைப்பையில போடப்போறதில்ல. வீட்டுல வைக்கப்போறேன்.”

“எதுக்கும் தோதுங்க!”

மேலே சறுக்கி நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். இழுத்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். பின்னால் நின்ற ஒருவன் இருமுவதுபோலச் சிரித்தான். “அப்ப ரிவால்வர் பாருங்க, அதுல இந்தக் கஷ்டம் கிடையாது” என்றான் கடைக்காரன், குழந்தைக்கு மிட்டாய் நீட்டுகிற குரலில்.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் காது எரிந்தது.

மார்ச் 9

பனிக்காற்றில் அவ்வளவு பெரிய பேருந்தைத் திருப்புகிற கை இது. ஒரு சாண் இரும்பை இழுக்க முடியவில்லையா?

மார்ச் 12

சுடுகளம் நடத்தும் மார்லிஸிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். பூட்ஸில் சேறு, வாயில் சூயிங்கம். அவளிடம் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம்.

“யாரு இழுக்கச் சொன்னா? இழுக்காதீங்க. இடது கையால மேல கெட்டியா புடிச்சுக்கிட்டு, வலது கையால பிடியை முன்னால தள்ளுங்க. தோள்ல இருந்து தள்ளணும்.”

தள்ளினேன், சடக்கென்று ஸ்லைடு முழுதும் வந்தது. போய்விட்டது! நான்கு நாள் அவமானம் அந்த ஒரு சத்தத்தில்.

கடைக்காரன் காட்டிய மாதிரியான சின்னதையே முதலில் கேட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ சுடும்போது நின்றுவிட்டது. வெளியே விழ வேண்டிய காலித் தோட்டா உறை வெளியேறும் துளையிலேயே செங்குத்தாகச் சிக்கி, புகைபோக்கி மாதிரி நின்றது.

“துப்பாக்கி கோளாறா, என் கோளாறா?”

“ரெண்டும்தான். சின்னது கையில ரொம்பத் துள்ளும். மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சிக்கிக்கும். பயத்துல யாருக்கு மணிக்கட்டு விறைப்பா நிக்குது?”

அந்தக் கேள்வியோடுதான் வீடு வந்தேன். ராய்ஸ் கதவருகே நிற்கிறான், என் கையில் சிக்கிய துப்பாக்கி. தூக்கம் வரவில்லை.

மார்ச் 15, சனி

மூன்று சுட்டுப் பார்த்தேன். ஒன்றில் விரலுக்கு விசை எட்டவில்லை. இன்னொன்றின் பிடி கட்டைவிரலைக் கடித்தது. மூன்றாவது நடுத்தர அளவு, ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா, கனமானது, கறுப்பு, பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கனமாக இருப்பதால் துள்ளல் குறைவு. அடுத்த குண்டுக்குக் குறி தானாகவே திரும்பி வந்தது.

மார்லிஸ் விடவில்லை. “வீட்டுல எந்தத் தோட்டா போட்டு வைப்பீங்களோ அதையே சுடுங்க. பயிற்சித் தோட்டா எதுலயும் ஓடும்.” விலை அதிகம், சுட்டேன். இடது கையால் சுடச் சொன்னாள். ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்கச் சுடச் சொன்னாள். வேண்டுமென்றே மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கச் சொன்னாள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

“இது போதும்ல?” என்றேன்.

“துப்பாக்கி போதும். வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நானும் தங்கச்சியும்.”

“அவங்க எப்படி இருக்காங்க?”

சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். நான் காலி உறைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

மார்ச் 16

நவம்பரில் டெல்லா மாத்திரைகளை மொத்தமாக விழுங்கினாள். இதை இங்கேகூட இதுவரை எழுதவில்லை. வாந்தியெடுத்ததால் பிழைத்தாள். மாத்திரைக்கு வாந்தி உண்டு. துப்பாக்கிக்கு?

அவன் வந்தால் துப்பாக்கி இல்லாமல் முடியாது. அவள் இருக்கும்போது துப்பாக்கி வைத்திருக்கவும் முடியாது. என்ன செய்வேன்?

மார்ச் 22, சனி

வாங்கிவிட்டேன். எண் பூட்டுள்ள இரும்புப்பெட்டியும் வாங்கி, நடைவழி அலமாரிக்குள் போல்ட் போட்டு முடுக்கினேன். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். எண் எனக்கு மட்டும்.

டெல்லா கதவில் சாய்ந்து நான் முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்பர் என்ன?”

“வேணாம் டெல்.”

“நீ பஸ் ஓட்டப் போயிருக்கும்போது அவன் வந்தா?”

“லைலுக்குப் போன் பண்ணிட்டு குளியலறையில பூட்டிக்கோ.”

“அவன் கதவ உடைக்கற வரைக்கும் நான் டப்பாவை வேடிக்கை பாக்கணுமா? என்னை நம்பலன்னு நேரா சொல்லித் தொலையேன்!”

“நம்பல” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவள் அறைக்கதவு அறைந்ததில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி விழுந்தது.

மார்ச் 24

டெல்லாவுக்கு இன்னும் கோபம். என் மதியச் சாப்பாட்டை மட்டும் கட்டி வைத்திருந்தாள்.

ஏப்ரல் 2

வெளியே வந்துவிட்டான்.

ஏப்ரல் 7

பள்ளிப் பேருந்தில் துப்பாக்கி கூடாது, அது சட்டம். ஆகவே நான் ஓட்டும்போது அது பெட்டியில், டெல்லா வீட்டில், அவன் எங்கோ. ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனைப் பார்க்கிறேன். கடைசி இருக்கைப் பையன்கள் ஆப்பிள் எறிந்து விளையாடியதைக்கூட அதட்டவில்லை. ஒரு சின்னப் பெண் இறங்கும்போது, “உங்களுக்கு உடம்பு சரியில்லையா மிஸ் நோரீன்?” என்று கேட்டாள்.

பெட்ரோல் பங்கில் ராய்ஸின் பச்சை லாரியைப் பார்த்ததாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில். துணி மடித்துக்கொண்டிருந்தோம். வண்டிச் சத்தம். பச்சை லாரி. டெல்லா லைலைப் போனில் கூப்பிட்டாள், நான் பெட்டியைத் திறந்தேன். விரல் எண்ணைச் சரியாகப் போட்டது. துப்பாக்கி கைக்கு வந்தது. விரலை விசைக்கு வெளியே வைத்து, கதவைப் பார்த்து நின்றேன்.

உதைத்தான். கதவுச் சட்டம் அதிர்ந்தது. மறுபடியும் உதைத்தான்.

பேருந்தில் கடைசி இருக்கை வரை கேட்கிற என் குரலில் கத்தினேன்: “ராய்ஸ்! போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. என் கையில துப்பாக்கி இருக்கு. படிய விட்டு இறங்கு!”

உதை நின்றது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவன் அழத் தொடங்கினான்.

“டெல்… என்னால முடியலடி. ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டு, போயிடறேன். சத்தியமா போயிடறேன்.”

உதைக்கு அசையாதவள் அந்த அழுகைக்கு நடந்தாள். எனக்கும் கதவுக்கும் நடுவில் போய், தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“டெல்லா, வேணாம்.”

“அவன் அழறான் நோரி.”

குண்டு நிறைந்த துப்பாக்கியோடு ஒருத்தியைக் கட்டிப்பிடித்து இழுக்க முடியாது. மார்லிஸ் இதைச் சொல்லித் தரவில்லை, யாரால் சொல்லித் தர முடியும்? தாழ்ப்பாள் பாதி நகர்ந்துவிட்டது. நான் துப்பாக்கியைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பூட்டிக்கொண்டது. அவன் இப்போது உள்ளே வந்தால் எங்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே மூடினேன்.

அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்தேன். இருவரும் விழுந்தோம். “விடுடி! விடு என்னை!” என் முன்கையைக் கடித்தாள். விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அழுதான், கெஞ்சினான், திட்டினான், மறுபடியும் அழுதான். இந்தப் பக்கம் அவள் என்னை அடித்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சைரன் கேட்டபோது அவள் அடிப்பதை நிறுத்தி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 13

நேற்று வாசலிலேயே ராய்ஸைப் பிடித்துக்கொண்டுபோன லைல் இன்று வந்திருந்தான். என் கையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்துவிட்டு, “அவனா?” என்றான்.

“இல்ல, இவ.”

டெல்லா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். லைல் தயங்கினான். பிறகு அவளிடமே சொன்னான்: அழுதபோது ராய்ஸின் கோட்டுக்குள் டயர் கழற்றும் இரும்பு இருந்ததாம். வலது கையில் பிடித்தபடியே அழுதிருக்கிறான்.

காப்பி கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது. டெல்லா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பன்றித்தொடை வாட்டினோம். அவள் என் கைக்காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, “தடம் நின்னுடும் போலயே” என்றாள்.

“உன் பல்லு அப்படி.”

நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

மே 9

நீதிமன்றம். டெல்லா ராய்ஸைப் பார்க்காமல், நீதிபதியைப் பார்த்துப் பேசினாள். அவன் இந்த முறையும் அழுதான். டெல்லா தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இந்த முறை ஆண்டுக்கணக்கில் சிறை.

மே 25

பேக்கரிக்கு மேலே டெல்லா ஓர் அறை பார்த்திருக்கிறாள். கீழேயே வேலை. பெட்டி கட்டும்போது கேட்டேன்: “உனக்கும் ஒன்னு வாங்கணுமா? மார்லிஸ் சொல்லித் தருவா.”

துண்டை மடித்து வைத்தாள். “வேணாம் நோரி. சில நாள் நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும். அந்த நாள்ல அது என் வீட்டுல இருக்கக்கூடாது. அன்னைக்கு உனக்குப் போன் பண்றேன். எடுப்பல்ல?”

“பஸ்ஸ நிறுத்திட்டு எடுப்பேன்.”

மே 29

பள்ளியின் கடைசி வாரம். பேக்கரித் தெருவில் திரும்பும்போது மேலே பார்த்தேன். திரைச்சீலை விலகியிருந்தது. ஜன்னலில் டெல்லா, வாயில் பல்துலக்கியோடு. நான் கை காட்டுவதற்குள் பேருந்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கை காட்டிவிட்டார்கள்.