புறங்கை

மார்ச் 3, செவ்வாய்

பட்டறைச் சுவரில் இன்று ஒரு பலகை ஏறிவிட்டது. ‘கையுறை இல்லாமல் யாரும் உலையருகே வரக் கூடாது.’ யாருமாம்! அங்கே வெறுங்கையோடு நிற்பவன் நான் ஒருவன்தான். நேராக என் பெயரையே எழுதியிருந்தால் பெயிண்டாவது மிச்சம்.

தம்பி மகன் முதலாளியாகி ஆறு வருடம் ஆகிறது. என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பலகையைப் பார்த்தே பேசினான். “எல்லாருக்கும்தான் பெரியப்பா.”

இது அவன் புத்தி இல்லை. என் மச்சினன் ஓதியது. என் மனைவியின் தம்பி, நான் கைப்பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்ட ஆள். பதினெட்டு வருடம் என் பக்கத்து உலையில் நின்றவன். முதலாளியின் அறையிலிருந்து அவன் வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஒரு பொட்டலத்தை நீட்டினான். “உங்களுக்குத்தான் மாமா. போட்டுப் பாருங்க.” அவன் கண்ணெதிரிலேயே அதை அரம் தேய்க்கும் மேசைக்கடியில் வீசினேன்.

மார்ச் 5, வியாழன்

கையுறை போட மாட்டேன் என்றதற்கு என்னை அரம் மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். மச்சினன் அடித்து முடித்த ஜன்னல் கம்பிகளுக்கு நான் முனை தேய்க்க வேண்டும். எனக்கு இந்தத் தொழிலை யாரும் கற்றுத்தரவில்லை. பார்த்தேன், சுட்டுக்கொண்டேன், கற்றேன். இரும்பு சிவப்பு போய்க் கறுத்த பிறகும் நெடுநேரம் சுடும். கண்ணுக்கு அது தெரியாது. புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தோல் சொல்லிவிடும். கையுறைக்காரனுக்கு யார் சொல்வார்கள்?

பத்து மணிக்கு டீ. எல்லாரும் தம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்கிறார்கள், மாப்பிள்ளைகள்! நான் வெறும் விரலால் எடுத்துக் குடித்தேன். மச்சினன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து வயிறெரியட்டும்.

மார்ச் 9, திங்கள்

மனைவி என் கையைத் திருப்பிப் பார்த்து, “இந்தக் கொப்புளம் எப்ப வந்துச்சு?” என்றாள். எனக்கே தெரியவில்லை. இந்தக் கைக்கு இதெல்லாம் ஒரு கொப்புளமா?

“கையா அது, கருங்கல்லா?” என்றாள். அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு.

மார்ச் 12, வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன். மச்சினன் கையுறைகளை அடிக்கடி தொட்டித் தண்ணீரில் முக்குகிறான். குளிர்ச்சியாக இருக்குமாம். முட்டாள்! ஈரத் தோலுறையால் சூட்டு இரும்பைப் பிடித்தால் ஆவி உள்ளே போகும். உறையைக் கழற்றுவதற்குள் கை வெந்துவிடும். பதினெட்டு வருடத்தில் இதுகூடத் தெரியவில்லை.

நான் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

மார்ச் 14, சனி

அவன் தினமும் பதினொரு மணிக்குத் தொட்டியில் உறையோடு கையை முக்கிவிட்டு, நான் தேய்த்து அடுக்கிய கம்பிகளை எடுத்துப்போக வருவான். எல்லாம் ஆறிய கம்பிகள் என்று நம்பி எடுப்பான். அதில் ஒன்று ஆறாததாக இருந்தால்?

கை போகாது. ஒரு மாதம் உலைப்பக்கம் வர மாட்டான், அவ்வளவுதான். அவன் எனக்குச் செய்ததும் அதுதானே? இரண்டு நாளாக மனதுக்குள் இதையே காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். பசிகூட எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கிறுக்கல்.

செய்தேன். அவன் கரி எடுக்கப் போன சமயம், அவன் அப்போதுதான் அடித்துப் போட்டிருந்த கம்பி ஒன்றைக் குறடால் தூக்கிவந்து என் அடுக்கின் மேல் வைத்தேன். கறுத்திருந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து முதலாளி அவனைக் கூப்பிட்டுப் பேச்சில் பிடித்துக்கொண்டான். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. கம்பி ஆறிப்போயிருக்குமோ? புறங்கையைக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. இன்னும் கிட்டே. ஒன்றுமே இல்லை. சனியன், ஆறித் தொலைந்தது, யாரும் பார்ப்பதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்தேன்.

நாற்றம்தான் முதலில் வந்தது. யாருடையது என்று சுற்றிப் பார்த்தேன்.

“மாமா! விடு! கைய விடு மாமா!”

பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கினான். ஈர உறையோடு. அப்புறம்தான் அவன் கத்தல் மாறியது.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, காயம் படாத கையில் ஊசியால் குத்தினாள். “தெரியுதா?” “நீங்க இன்னும் குத்தவே இல்லையேம்மா.” கண்ணைத் திறந்தால் நான்கு இடத்தில் ரத்தப் புள்ளி. சர்க்கரையாம். ரெண்டு கையிலும் உணர்ச்சி போய் வருடக்கணக்காகியிருக்குமாம்.

அப்படியென்றால் இத்தனை நாள் என் தோல் எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது?

வீட்டில் மனைவி சொன்னாள். “தம்பி போன மாசமே சொன்னான். மாமா கொதிக்கிற தம்ளரப் புடிக்கிறாரு, அவருக்குச் சூடே உறைக்கல அக்கான்னு. உங்ககிட்ட பேசினா கேக்கவா போறீங்க? அதான் முதலாளிய விட்டு போர்டு மாட்டச் சொன்னான்.”



மார்ச் 20, வெள்ளி

சூட்டுக் கம்பியை ஆறியதோடு கலந்துவிட்டான் என்று முதலாளி மச்சினனை எல்லார் முன்னாலும் கிழித்துவிட்டானாம். கை ஆறினாலும் இனி உலை கிடையாதாம். அவன் வாயே திறக்கவில்லையாம்.

நான் கேட்டது அப்படியே நடந்துவிட்டது. கை வெந்தது, உலை போயிற்று. சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தான். பொட்டலம்போல் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் அந்தக் கம்பிய அங்க வெக்கல மாமா” என்றான். அவ்வளவுதான். அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சும்மா இருக்கிறான்! சும்மா இருந்தே என்னை ஜெயிக்கப் பார்க்கிறான் படுபாவி.

மார்ச் 30, திங்கள்

பட்டறைக்குப் போனேன். மச்சினன் ஓரமாக ஒற்றைக் கையால் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் தயவில் நல்லவனாக நான் சாக மாட்டேன். எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். “அந்தக் கம்பிய வெச்சவன் நான். வேணும்னேதான் வெச்சேன்.”

“ஏன் பெரியப்பா?” என்றான் முதலாளி. மச்சினன் தலை நிமிராமல், “அவரு எப்பவும் அப்படித்தான். உலைய யாராவது பாருங்கப்பா, அணையுது” என்றான்.

எனக்கு இனி பட்டறை இல்லை. அவனுக்கு உலை திரும்பக் கிடைத்தது. அரம் மேசைக்கடியில் அந்தப் பொட்டலம் அப்படியே கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போதுதான் பிரித்தேன். இடது கை உறை கடையில் விற்பது. வலது கை உறையில் கட்டைவிரல் பக்கம் தையலைப் பிரித்து, வேறு தோல் வைத்து அகலமாக்கித் தைத்திருக்கிறான். என் வலது கட்டைவிரல் கோணல். சம்மட்டி பட்டு முப்பது வருடம் ஆகிறது. கட்டு மேலேயே போட்டுப் பார்த்தேன். சரியாக ஏறியது.

தையல் மட்டமாக இருக்கிறது. நூல் இரண்டு இடத்தில் பிசிறு. நாளைக்கு அவன் வீட்டுக்கே போய் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஈர உறை பற்றியும்.