தம்பி எடுத்த கடைசிச் சுருள்

மார்ச் 3, செவ்வாய்
தையல் கடையிலிருந்து வந்ததும் தம்பியின் அலமாரியைச் சுத்தம் செய்தேன். கேமராவுக்குள் கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று, எடுத்து முடித்தபடியே இருக்கிறது. அவன் பார்வை போவதற்கு முன்னால் கடைசியாக எடுத்தது. போன மழைக்காலத்திலிருந்து கட்டிலே கதி என்று கிடப்பவனிடம் கேட்டால், "தூக்கிப் போடுக்கா, யாரு பாக்கப் போறா?" என்கிறான்.
நான் பார்ப்பேன், எனக்குக் கண் இல்லையா என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் இதைக் கழுவாமல் விடப்போவதில்லை.

மார்ச் 5, வியாழன்
ஸ்டுடியோக்காரர் கறுப்பு வெள்ளை கழுவுவதில்லையாம். நல்லது. தம்பி பிலிம் கழுவும் டப்பாவும், அதற்குள் பிலிமைச் சுற்றிவைக்கும் ரீலும் பரணில் இருக்கின்றன. கழுவும் மருந்து மட்டும் புதிதாக வாங்கிவிட்டேன்.

மார்ச் 7, சனி
பழைய வெற்றுச் சுருளில் ஒத்திகை. குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, விளக்கை அணைத்து, பிலிமை ரீலின் பள்ளத்தில் சுற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை. வழுக்கும் பட்டுத் துணியையே நேராக வெட்டுகிற கை இது. இருட்டில் பிலிம் என்னை மதிக்கவே இல்லை. மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கட்டுமா என்று என் கணவர் வெளியே நின்று கேட்டார். தாராளமாக என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு
மறுபடியும் கோணல். விடமாட்டேன்.

மார்ச் 14, சனி
வாரம் முழுக்கப் பழகிய தைரியத்தில் இன்று அவன் சுருளையே எடுத்தேன். பாதி சுற்றும்போது 'மொறுக்'கென்றது. "ஐயோ" என்று கத்திவிட்டேன். விளக்கைப் போட்டால் எல்லாம் போச்சு — என்ன செய்ய?
கட்டிலிலிருந்து குரல். "இழுக்காதே. அப்படியே டப்பாக்குள்ள போட்டு மூடு. நான் உள்ள வர்றேன்."
சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கதவைச் சாத்தி, போர்வையைத் திணித்து, டப்பாவை என்னிடமிருந்து வாங்கினான்.
"லைட் அணைஞ்சிருக்கா?"
"ஆமாடா."
"நீதான் சொல்லணும். எனக்கெப்படித் தெரியும்?"
சிரித்தான். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நான் சிரிப்பதற்குள் சுற்றி முடித்துவிட்டான். மருந்து ஊற்றியது நான்.

மார்ச் 15, ஞாயிறு
காய்ந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் படங்களில் என் தையல் மிஷினின் நூல்கூடத் தனியாகத் தெரிகிறது. போகப் போக மங்கல். கடைசியில் இருப்பது என் முகம்தான் என்று புடவையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கேமராவில் கோளாறு இல்லை.
அப்படியென்றால் பார்வை போகிறதென்று அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். டாக்டரைப் பார்த்தானாம், ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டாராம். படுபாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?
"சொன்னா நீ அழுதுக்கிட்டே இருப்பே. நீ சிரிக்கிறதை இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்கலாம்னு இருந்தேன்."
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 28, சனி
இன்று கழுவியது நான் எடுத்த சுருள். ரீலில் அவன்தான் சுற்றினான்; நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்ன எடுத்தாய் என்று கேட்டான். உன்னைத்தான், கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது என்றேன்.
கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.
"இந்தத் தாடியோடயா? ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்க மாட்டியா? நாளைக்கு ஷேவ் பண்ணிக்கிறேன். மறுபடி எடு."