பிளக்கின் மேல் பால் கவர்

என்னங்க,

இன்று காலை நம் கார் வண்டியின் டிக்கியைத் திறந்தேன். உங்கள் ஸ்பேனர் பையிலிருந்து கிரீஸும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசம் குப்பென்று வந்தது. கிரீஸ் உங்களுடையது. எண்ணெய் என்னுடையது. கைக்கறை போக என் அடுப்படி எண்ணெயை எடுத்துக் கொட்டாத ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு உண்டா? ஒரு நாள் தாளிக்கச் சொட்டு எண்ணெய் இல்லாமல் நான் கத்தியதற்கு, "வண்டியும் நம்ம வீட்டு ஆளுதானே, புள்ள" என்று பல்லைக் காட்டினீர்கள். அன்றைக்கு வந்தது கோபம். இன்றைக்கு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்று நாளாக வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. இலுப்பூர் கடைவீதியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி குலுங்கிக் குலுங்கிப் போகிறது. திருச்சியிலிருந்து வந்திருக்கும் நம் மகள், "வித்துருங்கம்மா இந்த டப்பாவ" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஒங்கப்பா இருந்தா இந்நேரம் பிரிச்சுப் போட்டிருப்பாரு. வந்து டார்ச்சப் புடி" என்றேன்.

டார்ச் பிடிப்பது என்ன லேசுப்பட்ட வேலையா? எத்தனை வருடம் பிடித்திருக்கிறேன்! தலையைப் பானெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "இங்கிட்டு அடி, அங்கிட்டு இல்ல. நீ பாக்குற எடத்துல அடிக்காத, நான் பாக்குற எடத்துல அடி" என்று வைவீர்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று உங்கள் முதுகைப் பார்த்து நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தடவை டார்ச்சை உங்கள் மேலேயே போட்டுவிட்டு உள்ளே போனேன். ஐந்து நிமிடத்தில் காபி டம்ளரோடு சமாதானத்துக்கு வந்தீர்கள். டம்ளரெல்லாம் கிரீஸ்.

உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக என்னை அறுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

வண்டி வாங்கிய வருடத்து ஆயுத பூஜை. அம்மியைக் கழுவினேன், அரிவாள்மனையைக் கழுவினேன், தையல் மெஷினைத் துடைத்தேன். நீங்கள் பொரிகடலை வாங்கப் போனீர்கள். "எஞ்சினுக்கு மட்டும் தண்ணி காட்டிராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடுவது எஞ்சின். அதை அழுக்காக விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மட்டும் பொட்டு வைத்தால் அது என்ன பூஜை? பானெட்டைத் தூக்கிக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மூன்று ஸ்பார்க் பிளக் தலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். நீங்கள் வருவதற்குள் மூடிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. திருமயத்தில் உங்கள் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்கள். உங்கள் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். புதுக்கோட்டை தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்து, சாலையோரம் நின்றேவிட்டது. பானெட்டைத் திறந்தீர்கள். நான் டார்ச் அடித்தேன். பகலிலும் அந்தப் பிளக் குழி கிணறு மாதிரி இருட்டு. உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"ஈரம் ஏறியிருக்கு. ராத்திரி மழ பேஞ்சிருக்குமோ?"

"ஆமாங்க. விடியக்காலம் தூத்தல் போட்டுச்சு" என்றேன். ஒரு பொட்டு மழை இல்லை.

சைக்கிள் பம்பால் ஊதி, துண்டைக் கிழித்துத் துடைத்து, வண்டியைக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பிள்ளை யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "ஒரே மாமன், அதுக்கும் வர நேரமில்ல" என்று உங்கள் தங்கை சபையில் வைத்துக் கேட்டாள். "எந் தப்புதான் ஆத்தா. பிளக்க ஒழுங்கா மாட்டாம விட்டுட்டேன்" என்றீர்கள். வண்டி வேலையில் உங்களைக் குறை சொன்னால் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கிற ஆள், சபையில் தலையைக் குனிந்து நின்றீர்கள். பக்கத்தில் நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை உங்கள் தங்கை அதைச் சொல்லிக்காட்டினாள். கடைசிவரை நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று மிஸ்ஸிங்குக்கு என்ன செய்வீர்கள் என்று பார்க்க, டேஷ்போர்டிலிருந்து உங்கள் ரிப்பேர் நோட்டை எடுத்தேன். கோழி கிளறிய கையெழுத்து என்று இத்தனை நாளாக அதை நான் தொட்டதில்லை. மகள் டார்ச் அடிக்க, முதல் பக்கங்களிலேயே அது இருந்தது.

'மிஸ்ஸிங். பிளக் குழில தண்ணி. குங்குமம் கரஞ்சு கெடக்கு. பூஜைக்குக் கழுவியிருக்கா. கேக்க வேண்டாம்.'

அடுத்த வரி: 'இனிமே பூஜைக்கு முன்னாடி மூடி வைக்கணும். அவ பாட்டுக்குக் கழுவட்டும்.'

அட பாவி மனுசா! ஒவ்வொரு ஆயுத பூஜை அன்றும் விடிந்ததும் விடியாததுமாக என்னிடம் காலிப் பால் கவர் கேட்பீர்களே. பிளக் தலையில் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போடுவீர்கள். எதற்கு என்றால், "தூசிக்கு" என்பீர்கள். உடனே பொரிகடலை வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். நானும் உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்து வருடா வருடம் திருட்டுத்தனமாகக் கழுவினேன்.

"என்னம்மா, டார்ச் சரியா அடிக்கலையா?" என்றாள் மகள். "சரியாத்தான்டி அடிக்கிற" என்றேன். எழுத்துத்தான் தெரியவில்லை.

நடு பிளக்கில் கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் குலுங்காமல் ஓடியது. அப்படியே திருமயத்துக்கு விட்டேன். உங்கள் தங்கையிடம் நோட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நாலு வார்த்தை வைவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு எங்கண்ணன் நேரத்துக்கு வந்திருக்கும், மதினி" என்றாள். நோட்டை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

வண்டியை விற்கவில்லை. அடுத்த வாரம் ஆயுத பூஜை. மூன்று பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் மூடுவதும் நான்தான், கழுவுவதும் நான்தான்.